மாவுக்கட்டு பிரித்த அன்று யாரும் கேட்காத கேள்வி

அம்மாவின் வலது மணிக்கட்டில் போட்டிருந்த மாவுக்கட்டை அறுத்துப் பிரித்தது நான்தான். அப்போது அவருக்கு 61 வயது. வீட்டுக்குள் நடந்து வந்தவர் ஈரத்தரையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. நான் செவிலியராக இருக்கும் அரசு மருத்துவமனைக்கே அழைத்து வந்தோம். எலும்பை இழுத்துச் சேர்த்து, கட்டு போட்டு, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். வந்தோம். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. "விரலை மடக்கி மடக்கி நீட்டுங்கம்மா, சரியாயிடும்" என்றார் டாக்டர். மாவுக்கட்டு அறையில் அதற்குள் பதினோரு வருடம் வேலை பார்த்திருந்த நானும் அதையேதான் சொன்னேன்.

ஐந்து வருடம் கழித்து அதே மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் அம்மா படுத்திருந்தார். நாற்காலியிலிருந்து எழுந்தவர் தடுமாறிப் பக்கவாட்டில் விழுந்திருக்கிறார். அவ்வளவுதான். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்ததற்கே, இடுப்பு மூட்டில் சேரும் இடத்தில் தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. இதைத்தான் இடுப்பு முறிவு என்கிறோம். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ 20 முதல் 24 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். அன்று இரவு அந்த எண் பாடமாக இல்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு, தூக்கம் வராமல் அம்மாவின் பழைய சீட்டுகளையும் படங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் விடாத இருமலுக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று கிடைத்தது. பக்கவாட்டிலும் ஒரு படம் எடுத்திருந்தார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்ததும், முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தது தெரிந்தது. அறிக்கையில் நுரையீரலில் கோளாறு இல்லை என்று எழுதியிருந்தார்கள். அது உண்மைதான். நுரையீரலைப் பற்றித்தானே கேட்டிருந்தார்கள்.

அப்போதுதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. அம்மாவுக்கு எலும்புப்புரை, அதாவது எலும்பு உள்ளுக்குள் மெலிந்து எளிதில் உடைந்துபோகும் நோய். அந்த இரண்டு வருடமும் அம்மாவுக்கு முதுகுவலி. அலமாரியின் மேல்தட்டு எட்டவில்லை என்பார். "வயசானா குறுகத்தான் செய்யும்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அவருக்கு 42 வயதில் கருப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். மாதவிடாய் நிற்பதற்கு முன் எலும்பைக் காத்துக்கொண்டிருந்த ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஒரே நாளில் நின்றுபோனது. மெலிந்த உடம்பு, 46 கிலோ. இவ்வளவும் எங்கள் மருத்துவமனைச் சீட்டுகளிலேயே எழுதியிருந்தது. எல்லாம் வேறு வேறு துறைச் சீட்டுகளில்.

யார் மீதும் கோபப்பட்டு இதை எழுதவில்லை. கட்டு போட்டவர் எலும்பைச் சரியாகச் சேர்த்தார். சினைப்பையை எடுத்தவர் அன்றைய ஆபத்திலிருந்து காப்பாற்றினார். படம் படித்தவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் செய்தார்கள். எலும்பு ஏன் இவ்வளவு எளிதில் உடைந்தது என்று கேட்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் எலும்புப்புரையை முன்கூட்டியே கண்டறிய முடியாமல் போவதற்கு, என் அனுபவத்தில், இயந்திரம் இல்லாததைவிட இதுதான் பெரிய காரணம்.

ஒரு முறிவு வந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதிலும் முதல் இரண்டு வருடத்தில்தான் ஆபத்து மிக அதிகம். அப்படியானால் யாரைத் தேடிப் போக வேண்டும்? யாரையும் தேட வேண்டாம். அவர்களே கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு மாவுக்கட்டு அறை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.

அம்மா நடக்க ஆரம்பித்த பிறகு நான் செய்த முதல் வேலை, ஒரு நோட்டு போட்டதுதான். 50 வயதுக்கு மேற்பட்டவர், நின்ற உயரத்திலிருந்தோ அதைவிடக் குறைவான உயரத்திலிருந்தோ விழுந்து எலும்பு முறிந்தவர் யாராக இருந்தாலும் பெயரை எழுதினேன். வண்டி மோதியது, மாடியிலிருந்து விழுந்தது கணக்கில் இல்லை. விரல் எலும்பு, முக எலும்பும் இல்லை. மணிக்கட்டு, தோள், இடுப்பு, முதுகெலும்பு, இடுப்புக்கூடு, இவைதான் முக்கியம். எழுதிய ஒவ்வொருவரிடமும் பொது மருத்துவ ஓ.பி.க்குப் போகச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தேன்.

அது தோற்றுப்போனது. சீட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் போகவே இல்லை. கை உடைந்தவருக்கு ஒரு நாள் மருத்துவமனைக்கு வருவதே பெரிய பாடு. கூட ஒருவர் வேண்டும், அவருடைய அன்றைய வேலை போகும். வலியும் குறைந்திருக்கும்போது இன்னொரு துறை வாசலில் இன்னொரு நாள் நிற்க யார் வருவார்கள்? போன சிலரிடமும் "கைதானே உடைஞ்சது, எலும்பு டாக்டர்கிட்டயே காட்டுங்க" என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஆறு மாதம் இப்படியே போன பிறகுதான் ஒன்று உறைத்தது. அவர்கள் எப்படியும் வரப்போகும் நாள்கள் இரண்டு இருக்கின்றன. கட்டு நகராமல் இருக்கிறதா என்று பார்க்கும் முதல் அல்லது இரண்டாம் வாரம் ஒன்று, கட்டு பிரிக்கும் ஆறாம் வாரம் ஒன்று. புதிய நாள் எதையும் கேட்கக் கூடாது. முதல் முறை வரும்போதே இரத்தம் எடுத்துவிட வேண்டும். கட்டு பிரிக்கும் அன்று முடிவு கையில் இருக்க வேண்டும், அங்கேயே பேச வேண்டும், மருந்து தேவையென்றால் அன்றே தொடங்க வேண்டும். இதை மாற்றியதும் ஆள்கள் வந்தார்கள், ஏனென்றால் கட்டை அறுக்க எல்லோரும் வந்தே ஆக வேண்டும்.

மூத்த டாக்டர் ஒருவர் முதலில் கடிந்துகொண்டார். "வெளியில நூறு பேர் நிக்கிறாங்க சிஸ்டர், இதெல்லாம் எப்ப பார்க்கிறது?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் எதுவும் எங்கள் ஓ.பி.யில் நிலைக்காது. அதனால் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினோம். வயது, எடை, உயரம், எப்படி விழுந்தார், முன்பு முறிவு உண்டா, ஸ்டீராய்டு மாத்திரை உண்டா, மாதவிடாய் எந்த வயதில் நின்றது, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இடுப்பு முறிந்ததா. எட்டே கட்டங்கள். கட்டு போடும்போதே நான் கேட்டு நிரப்பிவிடுவேன். பயிற்சி டாக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். ஸ்டாம்ப் மாறாது.

எடையும் வயதும் தெரிந்தாலே ஒரு கணக்கு போடலாம். ஓஸ்டா என்று பெயர், மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்காக 2001இல் வெளியானது. எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்க வேண்டும். விடை −1க்கு மேல் இருந்தால் ஆபத்து குறைவு, −4க்குக் கீழே போனால் அதிகம், இடையில் இருந்தால் நடுத்தரம். அம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு முறிந்தபோது 46 கழித்தல் 61, அதாவது −15. பெருக்கினால் −3. முறிவும் சேர்ந்திருக்கும்போது இதைப் பார்த்த எவரும் அவரை அப்படியே அனுப்பியிருக்க மாட்டார்கள். இந்தக் கணக்கு நோயைக் கண்டறிவதில்லை, யாரை முதலில் சோதிக்கலாம் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். நோய் இல்லாத பலரையும் சேர்த்தே சுட்டிக்காட்டும். ஆனாலும் எடை பார்க்கும் இயந்திரம் தவிர எதுவுமே இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட இதைச் செய்யலாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

உயரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஓ.பி.யில் உயரம் பார்க்கும் அளவுகோல் இருந்தது. அதில் யாரோ துணிப்பையை மாட்டி வைத்திருந்தார்கள். எடை பார்ப்போம், இரத்த அழுத்தம் பார்ப்போம், பெரியவர்களின் உயரத்தை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது மாறாது என்று நினைக்கிறோம். மாறும். இளவயது உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ, மருத்துவமனையில் அளந்த இரண்டு அளவுகளுக்கு இடையே 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ, முதுகெலும்பைப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். இளவயது உயரம் தெரியாதவர்களைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்வேன். குதிகாலும் முதுகும் சுவரில் பட்டபடி நேராகப் பார்க்கும்போது பின்தலை சுவரைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் சந்தேகப்படலாம். விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே பக்கவாட்டில் இரண்டு விரல் அகலம்கூட இல்லை என்றாலும் அப்படித்தான்.

முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு கண்டறியப்படாமலே போகின்றன. விழ வேண்டும் என்றுகூட இல்லை. குனிந்து ஒரு வாளியைத் தூக்கினால் போதும், சிலருக்குப் பெரிய வலியும் இருக்காது. இந்த முறிவுகள் பெரும்பாலும் வேறு எதற்கோ எடுத்த படங்களில் ஓரமாக ஒளிந்திருக்கும். இருமலுக்கு எடுத்த நெஞ்சுப் படம், வயிற்றுக்கு எடுத்த சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரே பிரிவில் போய்ப் பேசினேன். அவர்கள் பார்க்காமல் இருந்ததில்லை, பல முறை பார்த்து "லேசான தேய்மான மாற்றங்கள்" என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லைப் படிக்கும் டாக்டர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். முள்ளெலும்பின் உயரம் 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் அதை முறிவு என்றே எழுதுங்கள், வேறு சொல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். இந்த ஒரு சொல்லை மாற்றியதில் கிடைத்த பலன், நாங்கள் செய்த மற்ற பலவற்றைவிட அதிகம் என்று நினைக்கிறேன்.

தேய்மானம் என்ற சொல்லால் இன்னொரு குழப்பமும் உண்டு. முழங்கால் மூட்டு வலிக்கும் "எலும்பு தேய்மானம்" என்கிறோம், எலும்பு உள்ளுக்குள் புரையோடி மெலிவதற்கும் அதையே சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு நோய்கள். முதலாவது மூட்டில் உள்ள குருத்தெலும்பு தேய்வது, வலிக்கும். இரண்டாவது எலும்பின் அடர்த்தி குறைவது, உடையும் வரை வலிக்கவே வலிக்காது. "எனக்குத் தேய்மானம் இருக்குன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க சிஸ்டர், தைலம் தேய்ச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று எத்தனையோ பாட்டிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது முழங்காலைப் பற்றி. இப்போது நான் அந்தச் சொல்லையே பயன்படுத்துவதில்லை. "உங்க எலும்பு உள்ளுக்குள்ள பலவீனமா இருக்கும்னு சந்தேகப்படுறோம், அதனாலதான் சின்னதா விழுந்ததுக்கே உடைஞ்சிருக்கு" என்று நேராகச் சொல்லிவிடுகிறேன்.

இதேபோல இரத்தத்தில் கால்சியம் பார்த்து, சரியாக இருக்கிறது என்றால் எலும்பும் நன்றாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், மருத்துவமனைக்குள்ளேயேகூட. எலும்புப்புரையில் இரத்தக் கால்சியம் பொதுவாகச் சரியாகவே இருக்கும். இரத்தத்தில் அளவு குறையாமல் உடம்பு பார்த்துக்கொள்ளும், தேவைப்பட்டால் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சாதாரண எக்ஸ்ரேயும் உதவாது. எலும்பின் தாதுச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போன பிறகுதான் அது படத்தில் வெளிறித் தெரியும்.

அடர்த்தியை அளப்பதற்கு என்றே இருப்பது டெக்ஸா ஸ்கேன். கீழ்முதுகையும் இடுப்பையும் படம் எடுப்பார்கள், கால்மணி நேரம் பிடிக்கும், கதிர்வீச்சு மிகக் குறைவு. ஆரோக்கியமான இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டு டி ஸ்கோர் என்ற எண்ணைத் தருவார்கள். −2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994இல் வரையறுத்தது. −1க்கும் −2.5க்கும் இடையே இருந்தால் அடர்த்திக் குறைவு. அம்மாவின் முறியாத பக்கத்து இடுப்பில் −3.1 வந்தது. முதுகெலும்பின் எண் அதைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தது. அதை நம்பி ஏமாறக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன். நசுங்கிய முள்ளெலும்பும், வயதில் வளரும் எலும்பு முட்களும் அந்த இடத்தின் அடர்த்தியைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். முதியவர்களுக்கு இடுப்பு எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எங்கள் மருத்துவமனையில் டெக்ஸா இல்லை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் நாள் தள்ளிக்கொண்டே போகும். "மெஷின் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சு பல கூட்டங்களில் எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிறிய விழுகையில் இடுப்பு முறிந்த முதியவருக்கும், முள்ளெலும்பு தானாக நசுங்கியவருக்கும், வேறு காரணம் இல்லை என்று உறுதியானால் அந்த முறிவே நோயை உறுதிசெய்கிறது. சிகிச்சை தொடங்க டெக்ஸாவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஃப்ராக்ஸ் இருக்கிறது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தினர் 2008இல் வெளியிட்ட கணிப்பான் அது. அடுத்த பத்து வருடத்தில் முறிவு வரும் வாய்ப்பை 40 வயது முதல் 90 வயது வரை உள்ளவர்களுக்குச் சொல்லும், டெக்ஸா எண் இல்லாமலும் போடலாம். ஸ்டாம்பில் உள்ள கேள்விகள் பாதி அதிலிருந்து எடுத்தவைதான். இப்படி வடிகட்டிய பிறகு, முடிவெடுக்க முடியாமல் நடுவில் நிற்பவர்களை மட்டும் டெக்ஸாவுக்கு அனுப்பினோம். வரிசையும் குறைந்தது.

வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்வதை நாங்கள் ஒரு கட்டத்தில் அலட்சியப்படுத்தப் பார்த்தோம். ஒரு நோயாளி கண்ணைத் திறந்தார். முதுகெலும்பு நசுங்கி வந்த பெண், பார்த்தவுடன் வழக்கமான கேஸ் என்றே தோன்றியது. இரத்தப் பரிசோதனையில் சோகையும், உடம்புக்குள் அழற்சியோ வேறு நோயோ இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். மிக உயர்ந்தும் இருந்தன. மேலே சோதித்ததில் மல்டிபிள் மைலோமா என்னும் இரத்தப் புற்றுநோய். அன்றிலிருந்து இரத்த அணுக்கள், ஈ.எஸ்.ஆர்., கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியாட்டினின், தைராய்டு, முடிந்தால் வைட்டமின் டி, இவ்வளவையும் பார்க்காமல் யாருக்கும் மருந்து தொடங்குவதில்லை. பெரும்பாலானவை எந்த அரசு ஆய்வகத்திலும் செய்யக்கூடியவை.

ஆண்களை நாங்கள் வெகுகாலம் தவறவிட்டோம். 50 வயதுக்கு மேல் மூன்று பெண்களில் ஒருவருக்கு இத்தகைய முறிவு வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்து ஆண்களில் ஒருவருக்கும் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆஸ்துமாவுக்காகப் பல வருடமாக ஸ்டீராய்டு மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிட்ட ஐயா ஒருவர் முதுகுவலி என்று வந்தார். 58 வயது. மூன்று முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன. "இது பொம்பளைங்களுக்கு வர்றதுதானேம்மா?" என்று என்னையே கேட்டார். பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பவருக்கு எலும்பு இழப்பு முதல் சில மாதங்களிலேயே வேகமாக நடந்துவிடும். ஆகவே நெஞ்சுநோய், தோல், மூட்டுவாதப் பிரிவுகளில், மாத்திரையை எழுதும் அன்றே எலும்பைப் பற்றியும் பேச வேண்டும். முறிவு வந்து எங்களிடம் வரும்போது பாதி வேலை கெட்டிருக்கும். ஆஸ்துமா பிரிவில் எங்கள் ஸ்டாம்பின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். அது அங்கே ஒரு வருடம் மேசை இழுப்பறையில் கிடந்தது, இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது.

கண்டறிந்தால் போதாது, எழுத வேண்டும். இடுப்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் "தொடை எலும்புக் கழுத்து முறிவு, அறுவை சிகிச்சை செய்யப்பட்டது" என்று இருக்கும். எலும்புப்புரை என்ற சொல் இருக்காது. அம்மாவின் சீட்டிலும் முதலில் இல்லை, நான் கேட்டு எழுத வைத்தேன். அந்தப் பெயர் இல்லாவிட்டால் அடுத்துப் பார்க்கும் டாக்டருக்குத் தெரியாது, மருந்து தொடராது. இன்னொன்றும் உண்டு. அரசு மருத்துவமனையில் மருந்துக்கான தேவைப்பட்டியல் பதிவான நோயாளிகளை வைத்துத்தான் போடப்படுகிறது. நோயின் பெயரே பதிவில் இல்லையென்றால் மருந்து எங்கிருந்து வரும்? எங்கள் மருந்தகத்தில் எலும்புப்புரைக்கான அலெண்ட்ரோனேட் மாத்திரை அடிக்கடி தீர்ந்துபோனது நின்றது, பதிவுகளைக் காட்டிக் கேட்க ஆரம்பித்த பிறகுதான்.

மருந்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை, அதை டாக்டரிடம்தான் பேச வேண்டும். ஆனால் விளக்காமல் கொடுத்த மாத்திரை குப்பைக்குப் போகும் என்பதைப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை எடுக்கும் அலெண்ட்ரோனேட்டை காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமல், படுக்காமல் இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் நெஞ்செரிச்சல் வந்து நிறுத்திவிடுவார்கள். அது ஒத்துவராதவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் உண்டு. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா, வைட்டமின் டி குறைவு இருக்கிறதா என்று பார்த்த பிறகு அம்மாவுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். நான்காவது மாதம் எல்லோருக்கும் ஒரு போன் செய்வேன். "மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டால் பத்து நொடி அமைதியாக இருப்பார்கள். அந்த அமைதியிலேயே விடை தெரிந்துவிடும். அவர்களிடம் கோபப்படாமல் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும்.

இது எதுவும் நான் கண்டுபிடித்தது இல்லை. முறிவோடு வருகிறவரை அங்கேயே பிடித்து, சோதனை, மருந்து, தொடர்ச்சி எல்லாவற்றையும் ஒருவர் பொறுப்பில் விடும் ஏற்பாட்டை 1990களின் இறுதியில் கிளாஸ்கோவில் தொடங்கினார்கள். 2012 முதல் பன்னாட்டு எலும்புப்புரை அறக்கட்டளை இதை உலகெங்கும் எடுத்துச்செல்கிறது. முறிவு வருவதற்கு முன்பே எல்லோரையும் சோதித்தால் என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 70 முதல் 85 வயது வரையிலான 12,483 பெண்களை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஸ்கூப் ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. ஃப்ராக்ஸ் வைத்து வடிகட்டிச் சிகிச்சை கொடுத்த குழுவில் இடுப்பு முறிவுகள் 28 சதவீதம் குறைந்தன. எல்லா வகை முறிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. என் கருத்து இதுதான்: கைவசம் உள்ள ஆளும் நேரமும் குறைவாக இருக்கும் இடத்தில், ஏற்கெனவே எலும்பு உடைந்து வாசலில் நிற்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். அது ஒழுங்காக நடந்த பிறகு மற்றவர்களுக்குப் போகலாம்.

மருத்துவமனையில் வேலை செய்யாதவர்கள் இதைப் படித்தால், உங்கள் வீட்டில் 50 வயது தாண்டிய ஒருவருக்கு லேசாக விழுந்து எலும்பு முறிந்தால், கட்டு போடும்போதே "எலும்பு அடர்த்தி பார்க்கணுமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. மாதவிடாய் 45 வயதுக்கு முன்பே நின்றதையும், சினைப்பை எடுத்ததையும், ஸ்டீராய்டு மாத்திரையையும் நீங்களாகவே சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள், எதற்கு எடுத்ததாக இருந்தாலும் கொண்டுவாருங்கள். அவர்களின் உயரத்தை வருடம் ஒருமுறை சுவரில் பென்சிலால் குறித்து வையுங்கள். பிள்ளைகளுக்குக் குறிக்கிறோமே, அதே மாதிரி.

எனக்கு இப்போது 47 வயது. ஃப்ராக்ஸில் என் விவரங்களை நானே போட்டேன். பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா என்ற கேள்விக்கு முதல் முறையாக ஆம் என்று அழுத்தினேன். அம்மா வாக்கரோடு வீட்டுக்குள் நடக்கிறார். வாசலுக்கு வெளியே தனியாக விடுவதில்லை. அதன் பிறகு புதிய முறிவு எதுவும் இல்லை.

போன வாரம் ஒரு அம்மா கட்டு பிரிக்க வந்தார். வயது 62, வலது மணிக்கட்டு. இரண்டாம் வாரம் எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது, இந்த முறை அறிக்கையில் முறிவு என்றே எழுதியிருந்தார்கள். "கை உடைஞ்சதுக்கு எதுக்கு சிஸ்டர் முதுகைப் படம் எடுத்தீங்க?" என்று கேட்டார். கட்டு அறுக்கும் ரம்பத்தை நிறுத்திவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். வெளியே வரிசை நீளமாகத்தான் இருந்தது.